கோட் போட்டா வேர்க்குது, குனிஞ்சா கிழியுது... 'ஸ்ட்ரெட்ச் வுல்' வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

எங்க அண்ணனோட ரிசப்ஷன். மே மாசம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மண்டபத்துல ஏசி இருந்துச்சு. ஆனா, மேடையில அடிச்ச வீடியோ லைட் முன்னாடி அந்த ஏசி எம்மாத்திரம்? நேவி ப்ளூ கோட் சூட்ல நின்ன அண்ணன், கர்ச்சீஃப் மேல கர்ச்சீஃபா மாத்திக்கிட்டு இருந்தார். பெரியப்பா மேடை ஏறினார். ஆசீர்வாதம் வாங்க அண்ணன் குனிஞ்சார். 'டர்ர்'னு ஒரு சத்தம். பேன்ட்டோட பின்பக்கத் தையல் போயிடுச்சு. அதுக்கப்புறம் ரிசப்ஷன் முடியுற வரைக்கும் அண்ணன் சுவருக்கு முதுகைக் காட்டியே நின்னார். பெரியவங்க வந்தா அண்ணி மட்டும் காலில் விழுவாங்க, அண்ணன் கும்பிடு போட்டே சமாளிச்சார். அந்த வீடியோவை இன்னிக்குப் பார்த்தாலும் வீட்ல சிரிப்பு அடங்காது.

மறுநாள் மிச்சத் துணியை எடுத்துப் பார்த்தோம். 'வுல் சார், நல்லா ஸ்ட்ரெட்ச் ஆகும், போட்டிருக்கிறதே தெரியாது'ன்னு சொல்லித்தான் கடையில் கொடுத்தாங்க. துணியில ஒட்டியிருந்த லேபிளில் பொடி எழுத்துல போட்டிருந்தது: பாலியஸ்டர் 65 சதவிகிதம், விஸ்கோஸ் 35 சதவிகிதம். அதுல வுல்லும் இல்லை, ஸ்ட்ரெட்ச்சும் இல்லை. தப்பு கடைக்காரர் மேல மட்டும் இல்லை. நாங்க நாலு பேர் போயிருந்தோம். ஒருத்தர்கூட லேபிளைப் படிக்கலை.

இன்டர்வியூ, ரிசப்ஷன், கான்வொகேஷன், ஆஃபீஸ் பிரசன்டேஷன்னு முதல்முறையா ஒரு கோட் சூட்டோ பிளேஸரோ எடுக்கப்போறீங்கன்னா, இந்த விஷயம் உங்களுக்கானது. பெண்களுக்கும்தான். பேன்ட் சூட் தைக்கிற பெண்கள் எண்ணிக்கை கூடிட்டே வருது. துணிக்கடையில் ஏமாறுற கதை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

கோட் சாகலை, இளகிடுச்சு!

'இனிமே யாருங்க கோட் போடப் போறா?'ன்னு கொரோனா காலத்துல பேசினாங்க. அதுக்கு முன்னாடியே, 2019-ல், கோல்ட்மேன் சாக்ஸ் மாதிரியான கெடுபிடியான வங்கியே ஊழியர்களுக்கான உடை விதியைத் தளர்த்தியது. பிரிட்டனில் 2022-ல் விலைவாசியைக் கணக்கிடும் பொருள்களின் பட்டியலில் இருந்து ஆண்களுக்கான சூட்டையே தூக்கிட்டாங்க. ஆனா, அந்த இடத்துல என்ன வந்துச்சு தெரியுமா? தனி ஜாக்கெட், பிளேஸர். அதாவது கோட் ஒழியலை. விறைப்பா இருந்தது, கொஞ்சம் இளகிடுச்சு. தோள்ல பஞ்சு குறைஞ்சது, உள்லைனிங் பாதியா ஆச்சு, துணி இழுத்தா நீள ஆரம்பிச்சது.

நம்ம ஊர்ல சிலருக்கு கோட் என்பது ஆசையே இல்லை, கட்டாயம். வழக்கறிஞர்களைப் பாருங்க. பார் கவுன்சில் விதிப்படி கோடைக்காலத்தில் கீழமை நீதிமன்றங்களில் கறுப்பு கோட் கட்டாயமில்லை. ஆனா உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. வெயில் காலத்தில் இதைத் தளர்த்தணும்னு கேட்ட மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏத்துக்கலை. ஏப்ரல், மே வந்தா வேலூர், ஈரோடு, கரூர் பரமத்தி பக்கமெல்லாம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுது. சட்டம் படிச்சு முடிச்சு இந்த வருஷம் ப்ராக்டீஸ் ஆரம்பிக்கிற ஒரு 24 வயசு பெண்ணுக்கு, கோட் துணி எதுங்கிறது ஃபேஷன் கேள்வியா என்ன?

இதுக்கு நடுவுல ஜிஎஸ்டி வேற. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500-க்கு மேல் விலையுள்ள ரெடிமேட் உடைகளுக்கு வரி 12 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதமா ஏறிடுச்சு. ரூ.2,500 வரைக்கும் 5 சதவிகிதம்தான். சட்டை, சுடிதார் வாங்குறவங்களுக்கு லாபம்; ஆனா உருப்படியான ஒரு கோட் எங்கே ரூ.2,500-க்குள்ள கிடைக்குது? வரிக்கு முந்தைய விலை ரூ.8,000 உள்ள கோட்டுக்கு முன்னாடி ரூ.960 வரி கட்டினோம், இப்போ ரூ.1,440. ஆனா துணியா வாங்கினா, மீட்டர் என்ன விலையா இருந்தாலும் 5 சதவிகிதம்தான். பெரிய தையல் நிறுவனத்தில் தைச்சா கூலிக்குத் தனியா வரி வரும். தெருமுனை டெய்லர் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குள்ளேயே வரமாட்டார். ஆகமொத்தம், துணி எடுத்துத் தைக்கிற பழைய வழக்கத்துக்குப் புதுசா ஒரு காரணம் கிடைச்சிருக்கு. அப்போ துணியைப் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டிய பொறுப்பும் நம்ம தலையிலதான்.

'கம்பளியா... இந்த வெயில்லயா?'

வுல்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஊட்டி பஸ் ஸ்டாண்டுல போர்த்திக்கிட்டு நிக்கிற கம்பளி. நம்ம மொழியில் கம்பளின்னாலே போர்வைதான். அதனால 'வுல் கோட்'னதும் பயப்படுறோம். ஆனா போர்வைக் கம்பளியும் கோட் துணியும் ஆட்டு ரோமங்கிறதைத் தவிர வேற எந்தச் சொந்தமும் இல்லாதவை. கோட் துணிக்கு மெரினோ ஆட்டு ரோமம். அது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் இருந்து வருது. நம்ம நாட்டு ஆடுகளின் ரோமம் பெரும்பாலும் முரடு, கம்பளத்துக்கும் போர்வைக்கும்தான் சரி. (நீலகிரி ஆடுன்னு ஒரு இனம் இருக்கு. 19-ம் நூற்றாண்டில் மெரினோ உட்பட வெளிநாட்டு ஆடுகளோடு கலந்து உருவானது, ரோமமும் மென்மையானது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் அதுக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கு. ஆனா கோட் துணிச் சந்தைக்குப் போதுமான எண்ணிக்கை அந்த இனத்துக்கு இல்லை.) 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த இந்தியா - ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தில் அங்கிருந்து வரும் கம்பளிக்கு இறக்குமதி வரியும் போயிடுச்சு.

மெரினோ இழையில் ரெண்டு குணம் நமக்கு முக்கியம். ஒண்ணு, அது தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் வரை ஈரத்தை உறிஞ்சும், தொட்டால் நனைஞ்ச மாதிரியே தெரியாது. பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சவே மாட்டேங்குது, அதனால வியர்வை உள்ளேயே பிசுபிசுன்னு நிக்கும். ரெண்டாவது, ரோமம் இயற்கையிலேயே சுருள் சுருளா இருக்கும். ஸ்பிரிங் மாதிரி. இழுத்தா நீளும், விட்டா திரும்பும். மத்தியானம் மடிச்சு உட்கார்ந்து விழுந்த சுருக்கம் ராத்திரி ஹேங்கர்ல மாட்டினா காலையில் காணாமப்போறது இதனாலதான்.

பொய் சொல்ல விரும்பலை. மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு சென்னை ரோட்டுல எந்தக் கோட்டும் சுகமா இருக்காது. ஆனா நம்ம நாள் அப்படியா போகுது? பைக், மெட்ரோ, 22 டிகிரி ஆஃபீஸ், மறுபடியும் வெயில். வியர்க்குறதும் குளிர்றதும் மாறி மாறி நடக்குற உடம்புக்கு, மெல்லிசான வுல் ஒத்துழைக்கிற அளவுக்கு பாலியஸ்டர் ஒத்துழைக்காது. அவ்வளவுதான் என் வாதம்.

துணி எப்படி நீளுது?

இதுல ரெண்டு வழி இருக்கு. கடையில் ரெண்டையும் 'ஸ்ட்ரெட்ச்'னு ஒரே பேர்லதான் விற்கிறாங்க.

முதல் வழி, எலாஸ்டேன். 1958-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இழை. லைக்ராங்கிறது அதோட பிராண்ட் பெயர். போட்டோ காப்பியை நாம ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, எல்லா எலாஸ்டேனையும் லைக்ரான்னே சொல்லிப் பழகிட்டோம். ஜிம் டைட்ஸ்ல இது 15, 20 சதவிகிதம்கூட இருக்கும். கோட் துணியில் பெரும்பாலும் 1 முதல் 4 சதவிகிதம்தான். நல்ல மில்லில் எலாஸ்டேனை நடுவுல வெச்சு, அதைச் சுத்தி வுல் இழையை முறுக்கி நூலாக்குவாங்க. உங்க தோல்ல படுறது வுல் மட்டும்தான். ரெண்டு சதவிகிதம்னா ரொம்பக் கம்மின்னு நினைக்காதீங்க. பைக்ல உட்காரவும், பஸ்ல மேல்கம்பியைப் பிடிக்கவும், பெரியப்பா காலில் விழவும் அது போதும். அஞ்சு, ஆறு சதவிகிதம்னு பெருமையா சொன்னா நான் யோசிப்பேன். கோட்டுக்குன்னு ஒரு விழுப்பு வேணும், அது டி-ஷர்ட் மாதிரி உடம்போட ஒட்டினா நல்லா இருக்காது.

இரண்டாவது வழியில் எலாஸ்டேனே கிடையாது. வுல் நூலை வழக்கத்தைவிட அதிகமா முறுக்கி, நெய்த பிறகு துணியைச் சுருங்கவிட்டுப் பக்குவப்படுத்துவாங்க. அந்த முறுக்கே ஸ்பிரிங் ஆகிடும். 'நேச்சுரல் ஸ்ட்ரெட்ச்'னு லேபிளில் இருக்கும், கலவையில் வுல் 100 சதவிகிதம்னு இருக்கும். நீளுறது கொஞ்சம் கம்மி. ஆனா ஆயுள் ஜாஸ்தி. எலாஸ்டேன் சூட்டுக்கும் குளோரினுக்கும் பலவீனமானது. வருஷக்கணக்கா அயர்ன் பாக்ஸ் சூடு பட்டுப்பட்டு தொய்ஞ்சுடும். முட்டிப் பக்கம் பை மாதிரி தொங்குற பழைய பேன்ட்களைப் பார்த்திருப்பீங்களே, அது இதுதான். வாரம் அஞ்சு நாள் கோட் போடுற வக்கீலா இருந்தா, காசு கட்டுப்படியானா, நான் இந்த ரெண்டாவது வகையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இந்த ரெண்டுலயும் சேராத ஒரு மூணாவது வகைதான் நம்ம கடைகள்ல மலை மாதிரி குவிஞ்சிருக்கு: பாலியஸ்டர், விஸ்கோஸ், கூட கொஞ்சம் லைக்ரா. நீளும், பளபளன்னு இருக்கும், விலை வுல்லில் கால்வாசிகூட வராது. உலகத்தில் தயாராகும் மொத்த இழையில் பாதிக்கும் மேல பாலியஸ்டர், வுல் சுமார் ஒரு சதவிகிதம்தான். அதனால கடையில் எது உங்க கண்ணுல முதல்ல படும்னு சொல்லவே வேண்டாம். அந்தத் துணி மோசம்னு சொல்லலை. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏசி ஹால்ல போடுறவருக்கு அது போதும். அதை 'வுல்'லுன்னு சொல்லி வுல் விலைக்கு விற்கும்போதுதான் வயித்தெரிச்சல். 'வுல் ஃபீல்', 'வுல் ரிச்', 'வுல் லுக்'னு சொன்னா காதுல போட்டுக்காதீங்க. எத்தனை சதவிகிதம்னு மட்டும் கேளுங்க.

கடையில் என்ன பார்க்கணும்?

துணியின் கரையையும் லேபிளையும் போன் கேமராவில் ஜூம் பண்ணிப் படிங்க. வுல்மார்க் முத்திரை 1964-ல் இருந்து இருக்கு, ஆனா அதுலயே மூணு வகை. வெறும் 'வுல்மார்க்'னா தூய புது கம்பளி. 'வுல்மார்க் ப்ளெண்ட்'னா குறைஞ்சது பாதி கம்பளி. 'வுல் ப்ளெண்ட்'னா 30 சதவிகிதத்தில் இருந்து பாதிக்குள்ள. மூணுக்கும் சின்னம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சுருட்டி வரைஞ்ச நூல்கண்டு போலவே இருக்கும், கோடுகள்தான் வித்தியாசம். சின்னத்தைப் பார்த்ததும் ஆஹான்னு பில் போட்டுடாதீங்க, பக்கத்துல இருக்கிற எழுத்தைப் படிங்க.

அடுத்து 'சூப்பர் 100', 'சூப்பர் 150'. நம்பர் ஏற ஏற உசத்தின்னு சேல்ஸ்மேன் சொல்வார். அது தரத்துக்கான மார்க் இல்லைங்க, இழையோட மெல்லிசை மட்டும் சொல்ற எண். சர்வதேச கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100-ன்னா இழை சராசரியா 18.75 மைக்ரானுக்கு மேல போகக்கூடாது, சூப்பர் 150-ன்னா 16.25. (நம்ம தலைமுடி தோராயமா 70 மைக்ரான்.) மெல்லிசாகும்போது மிருதுவா இருக்கும், கூடவே சுருக்கமும் விழும், சீக்கிரம் தேயும். பேக்பேக் மாட்டுற தோளுக்கும், பைக் சீட்ல தேயுற பேன்ட்டுக்கும் சூப்பர் 150 வீண் செலவு. 100, 110-லேயே நின்னுக்கோங்க.

எடையைக் கேளுங்க. சதுர மீட்டருக்கு 220 முதல் 260 கிராம் வரைக்கும் நம்ம ஊருக்குச் சரி. அதைவிட முக்கியம் நெசவு. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. பாவுக்கும் ஊடைக்கும் நடுவுல குட்டிக் குட்டியா வெளிச்சம் தெரிஞ்சா காத்து போகும். வாய் பக்கத்துல வெச்சு ஊதினா மறுபக்கம் கையில் காத்து படணும். முறுக்கு நூலில் கொஞ்சம் நெருடலா நெய்த ப்ளெயின் நெசவு, தொட்டா வழவழப்பா இருக்கிற நெருக்கமான துணியைவிட நமக்கு நல்லது. கடையில் தடவிப் பார்க்கும்போது வழவழப்புதான் மனசை இழுக்கும். நானும் அதுலதான் ஏமாந்தேன்.

அப்புறம் இழுத்துப் பாருங்க. ஒரு கை அளவுத் துணியை அகலவாட்டில் இழுத்து, மனசுக்குள்ள பத்து எண்ணி விடுங்க. பெரும்பாலான கோட் துணி அகலவாட்டில் மட்டும்தான் நீளும், நீளவாட்டில் நீளலைன்னா பயப்படாதீங்க. பத்து சென்டிமீட்டர் துணி பதினொண்ணா நீண்டா போதும். நீளுறதைவிடத் திரும்புறதுதான் பரீட்சை. விட்டதும் பழைய இடத்துக்கு வராம அலை அலையா நின்னா, மூணாவது மாசம் உங்க முட்டியிலும் அப்படித்தான் நிக்கும்.

சந்தேகம் தீரலைன்னா, ஓரத்துல ரெண்டு நூலை உருவி, வீட்டுக்கு வந்து கொளுத்திப் பாருங்க. வுல்னா முடி கருகுற நாத்தம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர்னா உருகி, ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகும். முழுத் துணி வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள் துண்டு கேளுங்க. வுல் விலைக்கு விற்கிற கடை, விரல் அகலத் துண்டு கொடுக்கத் தயங்கினா அதுவே ஒரு பதில்தான்.

டெய்லர்கிட்டதான் பாதி விஷயம்!

துணி சரியா எடுத்தவங்ககூட கோட்டை விடுற இடம் இது. ஸ்ட்ரெட்ச் துணி வாங்கி, உள்ளே நீளாத பாலியஸ்டர் லைனிங்கை முழுசா கொடுத்துத் தைச்சா என்ன ஆகும்? வெளித்துணி நீளப் பார்க்கும், லைனிங் விடாது. நீங்க காசு கொடுத்து வாங்கின ஸ்ட்ரெட்ச் அங்கேயே முடிஞ்சுது. கையைத் தூக்கினா லைனிங் அக்குள்ள கிழியும். காத்தும் போகாது, உள்பக்கம் பாலிதீன் பை மாதிரிதான். அதனால டெய்லர்கிட்ட 'அண்ணே, ஆஃப் லைனிங் போதும். முதுகுல லைனிங்குக்கு ஒரு ப்ளீட் விட்டுக் கொடுங்க'ன்னு முதல்லயே சொல்லிடுங்க. லைனிங்குக்கு விஸ்கோஸ் அல்லது குப்ரா துணி கிடைச்சா இன்னும் நல்லது. கோட்டோட முன்பக்க விறைப்புக்கு வைக்கிற ஒட்டு கேன்வாஸையும் மெல்லிசா வைக்கச் சொல்லுங்க. தடிமனானதை சூடா ஒட்டிட்டா, துணி நீளும்போதும் ட்ரை க்ளீனிங் போகும்போதும் அது விட்டுப்போய் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமா நிக்கும்.

இன்னொரு சிக்கல். 'ஸ்ட்ரெட்ச்தானே தம்பி, நல்லா ஃபிட்டா பிடிச்சிடலாம்'னு டெய்லரே சொல்வார். தயவுசெஞ்சு சம்மதிக்காதீங்க. அந்த நீட்சி நீங்க அசையும்போது உதவத்தான். நிக்கும்போதே துணி இழுபட்டு இருந்தா, குனியும்போது அது எங்கே போகும்? சாதாரண துணிக்கு விடுற லூஸில் கொஞ்சம்தான் குறைக்கலாம். ட்ரையல்ல கண்ணாடி முன்னாடி சிலை மாதிரி நிக்காம, உட்காருங்க, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுங்க, ரெண்டு கையையும் பைக் ஹேண்டில் பிடிக்கிற மாதிரி நீட்டிப் பாருங்க. கடையில் நாலு பேர் பார்ப்பாங்க. பார்க்கட்டும், மேடையில நானூறு பேர் பார்க்குறதுக்கு இது பரவாயில்லை.

வெட்டுறதுக்கு முன்னாடி துணியை ஒரு ராத்திரி பிரிச்சுப் போட்டு வைக்கணும், லேசா ஸ்டீம் கொடுக்கணும். கட்டுல சுத்தியிருக்கும்போது இழுபட்ட ஸ்ட்ரெட்ச் துணி, இதுக்கப்புறம்தான் தன் நிஜ அளவுக்கு வரும். அனுபவசாலி டெய்லர்களுக்கு இதெல்லாம் தெரியும். தைக்கிற ஊசியும் ஸ்ட்ரெட்ச் துணிக்கானதா இருக்கணும், பின்பக்கத் தையல் ரெட்டையா வரணும். கோட்டும் பேன்ட்டும் சேர்த்து 58 இன்ச் அகலத் துணியில் ஏறக்குறைய 3 முதல் 3.25 மீட்டர் ஆகும். பேன்ட் மட்டும்னா 1.2, 1.3 மீட்டர். பட்ஜெட் இடிக்குதுன்னா என் சிபாரிசு: முழு சூட் வேண்டாம், பேன்ட்டை மட்டும் நல்ல ஸ்ட்ரெட்ச் வுல்லில் தைங்க. கோட்டை மேடையில கழட்டி வெச்சுடலாம். பேன்ட்டை முடியாது.

பராமரிக்கிறது பெரிய வேலை இல்லை. ஒருநாள் போட்டா ரெண்டு நாள் ஹேங்கர்ல தொங்கவிடுங்க, வியர்வை நாத்தம் தானாவே போயிடும். போட்ட ஒவ்வொரு தடவையும் ட்ரை க்ளீனிங்னு ஓட வேணாம். சீசனுக்கு ஒண்ணு, ரெண்டு தடவை போதும். அயர்ன் பண்ணினா மேல ஈரத்துணி போட்டுப் பண்ணுங்க. தெருவுல கரி இஸ்திரிப் பெட்டிக்காரர்கிட்ட கொடுக்குறதா இருந்தா இதைச் சொல்லிக் கொடுங்க, அந்தச் சூட்டை எலாஸ்டேன் தாங்காது.

அண்ணன் விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஆபீஸ்ல ப்ரமோஷன், ஒரு கான்ஃபரன்ஸுக்குப் போகணும்னு மறுபடியும் துணி எடுக்கப் போனோம். இந்தத் தடவை லேபிளைப் படிச்சது அண்ணிதான்: வுல் 98, எலாஸ்டேன் 2. அண்ணன் துணியைத் தடவிக்கூடப் பார்க்கலை. டெய்லர் கடையில் ட்ரையல் கொடுத்ததும் நேரா குனிஞ்சு, அங்கே மிஷின் மிதிச்சுக்கிட்டு இருந்த பெரியவர் காலைத் தொட்டார். 'என்ன தம்பி, என்னாச்சு?'ன்னு அவர் பதறி எழுந்துட்டார். தையல் பிரியலை.